பள்ளத்தில் தண்ணீர் வந்த ஞாயிறு: கோபிப் பக்கம் நடந்த ஓர் அரை மாரத்தானின் நிகழ்வு ஆய்வு

"பொன்னுருகக் காயும், மண்ணுருகப் பெய்யும்" என்று புரட்டாசியைச் சொல்வார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன், புரட்டாசி ஞாயிறு ஒன்றில், அந்த இரண்டும் ஒரே காலையில் எங்கள் ஓட்டத்தின் மேல் வந்து இறங்கின. விடிவதற்கு முன் வெள்ளம். எட்டரை மணிவாக்கில் வெப்பத்தாக்கு (ஹீட் ஸ்ட்ரோக்). வெள்ளம் யாரையும் தொடவில்லை. வெள்ளத்தைப் பார்த்த பிறகும் முடிவெடுக்காமல் நாங்கள் நின்றுகொண்டிருந்த நேரம்தான், என் கணக்கில், ஒரு தம்பியை ஐஸ் தண்ணீரில் கிடத்த வைத்தது.

அன்று பாதைக்கும் பாதுகாப்புக்கும் பொறுப்பு நான். அந்தத் தம்பி பிழைத்துவிட்டார், நன்றாக இருக்கிறார். கோவை, ஈரோடு, திருப்பூர், பொள்ளாச்சி என்று இப்போது ஊருக்கு ஊர் ஓட்டம் நடக்கிறது. நடத்துபவர்களில் பெரும்பாலோர் எங்களைப் போல வேலைக்குப் போய்க்கொண்டே, ஆர்வத்தில் இறங்கியவர்கள். அவர்களுக்காகவே நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பாதை

ஈரோடு மாவட்டத்துக் கோபிச்செட்டிபாளையத்தை, எங்கள் வாயில் கோபியை, ஒட்டிய ஒரு பள்ளி மைதானத்தில் தொடக்கம். அங்கிருந்து வாய்க்கால் கரையோரமாக நெல் வயல், தென்னந்தோப்பு, வாழைத் தோட்டம் வழியாக 7 கிலோமீட்டர். அங்கே ஒரு பள்ளத்தின் மேல் தரைப்பாலம். (எங்கள் பக்கத்தில் பள்ளம் என்றால் குழி இல்லை, மழைக்காலத்தில் மலையிலிருந்து தண்ணீர் வரும் ஓடை.) பாலத்தைத் தாண்டி அக்கரையில் 7 கிலோமீட்டர் வளையம், பிறகு அதே பாலம் வழியாக வந்த பாதையில் திரும்பி 7 கிலோமீட்டர். குடிநீர் வைத்த இடங்கள் நான்கு. இக்கரையில் 3.5-லும் 6-லும், அக்கரையில் 9-லும் 12-லும்.

அழகான பாதை. அந்த அழகுக்காகவே அதைத் தேர்ந்தெடுத்தோம். ஓட்டத்தின் மூன்றில் ஒரு பங்கு ஒரே ஒரு தரைப்பாலத்தை நம்பி நிற்கிறது என்பதை வரைபடத்தில் எல்லோரும்தான் பார்த்தோம். ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

தாளில் இருந்த திட்டம்

எங்களிடம் திட்டம் இல்லாமல் இல்லை. 22 பக்கத்தில் ஒன்று இருந்தது. காவல் துறை அனுமதிக்கும் சுகாதாரத் துறைக்கும் அதைத்தான் கொடுத்தோம். தீ, மழை, நெரிசல், நாய்க்கடி, தேனீ, மாரடைப்பு எல்லாம் அதில் இருந்தன. மழை பற்றிய வரி இது: "கனமழை பெய்தால் மாற்றுப்பாதை பரிசீலிக்கப்படும்."

அந்த வரியைப் பிறகு எத்தனையோ முறை படித்துவிட்டேன். பரிசீலிக்கப்படும் என்றால் யார் பரிசீலிப்பது? எத்தனை மணிக்கு? கனமழை என்பது எங்கே பெய்யும் மழை? எந்த அடையாளத்தைப் பார்த்தால் பாதை மாறும்? ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. தமிழில் இந்தப் "படும்" சேர்ந்த வினை வசதியானது, செய்பவர் பெயரைச் சொல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும். எங்கள் 22 பக்கத்திலும் "மேற்கொள்ளப்படும்", "உறுதி செய்யப்படும்", "தெரிவிக்கப்படும்" என்றே நிறைந்திருந்தது. ஆபத்துகளின் பட்டியல் முழுமையாக இருந்தது. ஆள் பெயர் மட்டும் இல்லை.

மாற்றுப்பாதை என்று ஒன்றை அளந்தும் வைக்கவில்லை. வேண்டுமென்றால் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம்.

சனி இரவு முதல் காலை 6:20 வரை

சனிக்கிழமை ஏழு மணிக்கு வடமேற்கே மலைப்பக்கம் மின்னல் வெட்டிக்கொண்டிருந்தது. மைதானத்தில் நாலு தூறல். பதினொரு மணிக்குப் போனில் வானிலை பார்த்தேன், கோபிக்கு லேசான மழை என்று போட்டிருந்தது. படுத்துவிட்டேன். நான் பார்த்தது ஊருக்கு வரும் மழையை. பார்த்திருக்க வேண்டியது மலையில் பெய்யும் மழையை. பள்ளத்துத் தண்ணீர் ஊர் மழையைக் கேட்டு வருவதில்லை.

2:50-க்குப் பள்ளத்தங்கரையில் மஞ்சளும் வாழையும் வைத்திருக்கும் ஒரு பெரியவர் விழித்துப் பார்த்திருக்கிறார். சத்தம் மாறியிருந்ததாம். டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுத் தன் அக்கா மகனுக்குப் போன் செய்தார். அந்த மாப்பிள்ளை எங்கள் தன்னார்வலர்களில் ஒருவர். "மாப்ளே, மேல குண்டேரிப் பக்கம் நல்ல மழை போலிருக்குது. பள்ளத்துல செந்தண்ணி வருது. பாலத்து மேல ஆளுகள ஓட விடாதீங்கன்னு உங்க ஆளுங்ககிட்டச் சொல்லிப்போடு."

மாப்பிள்ளை 3:05-க்குச் சொல்லிவிட்டார், எங்கள் வாட்ஸ்அப் குழுவில். அதில் 86 பேர். அந்த நேரத்தில் குழுவில் ஓடிக்கொண்டிருந்தவை: வண்டி எங்கே நிறுத்துவது என்ற கேள்வி, பிப்பை (ஓடுபவரின் எண் அச்சடித்த தாள்) சட்டையில் குத்திக்கொண்ட படங்கள், காலை வணக்கம், வாழைப்பழத் தார் வந்துவிட்டதா என்ற விசாரணை. பெரியவரின் எச்சரிக்கை அதற்கு நடுவே ஒரு வரியாகப் போய்விட்டது. 4:10-க்கு நான் பார்த்தேன். ஒரு மணி நேரம் ஐந்து நிமிடம் கழித்து.

4:25-க்குப் பாலத்தில் நின்றேன். தண்ணீர் பாலத்தின் மேல் கணுக்கால் அளவு, செம்மண் நிறத்தில், தென்னை மட்டைகளை இழுத்துக்கொண்டு போய்க்கொண்டிருந்தது. கூட வந்தவர்களில் ஒருவர், "கணுக்கால் அளவுதானேங்க, ரெண்டு பக்கமும் கயிறு கட்டி விட்டுறலாம்" என்றார். அவர் கெட்டவர் இல்லை, ஓட்டம் நடக்க வேண்டும் என்ற ஆசை. வேகமாக ஓடும் தண்ணீர் அரையடி இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும், ஓரடி இருந்தால் சிறிய காரையே நகர்த்திவிடும் என்பது பேரிடர்த் துறையினர் எங்கும் சொல்லும் கணக்கு. அது எனக்குத் தெரியும். ஆனால் "பாலம் வேண்டாம், பாதையை மாற்றுகிறோம்" என்று சொல்ல எனக்கு அதிகாரம் இருக்கிறதா என்பது தெரியவில்லை.

மைதானத்துக்குப் போன் செய்தேன். முடிவெடுக்க வேண்டியவர் மேடையில் விருந்தினரை வரவேற்றுக்கொண்டிருந்தார். அடுத்தவர், ஸ்பான்சரைக் கேட்க வேண்டும் என்றார். ஸ்பான்சர் தரப்பில், ஒரு மணி நேரம் பொறுத்தால் வடிந்துவிடாதா என்று கேட்டார்கள். ஐந்து பேர் ஐந்து போனில். 5:15-க்குத் தண்ணீர் முழங்காலுக்கு வந்தது. 5:30-க்குக் கிளம்ப வேண்டிய ஓட்டம் 6:20-க்குக் கிளம்பியது.

அந்த 50 நிமிடமும் 21 கிலோமீட்டர் ஓட வந்தவர்கள் தொடக்கக் கோட்டுக்குப் பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் 5 கிலோமீட்டர் ஓடக் குழந்தைகளோடு வந்த குடும்பங்கள் சேர்ந்துகொண்டே இருந்தன. என்ன நடக்கிறது என்று ஒலிபெருக்கியில் ஒரு வார்த்தை இல்லை, பாட்டுதான் ஓடிக்கொண்டிருந்தது. 2025 செப்டம்பர் 27 அன்று கரூரில், நம் கொங்கு மண்ணிலேயே, ஒரு கூட்ட நெரிசலில் 41 உயிர் போனது. கூட்டத்தை இடமும் தகவலும் இல்லாமல் காக்க வைத்த அந்த ஐம்பது நிமிடத்தை, அதற்குப் பிறகு என்னால் சாதாரணமாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

கடைசியில் போட்ட மாற்றுப்பாதை எளிமையானது. பாலத்துக்கு முன் வரை 7 கிலோமீட்டர் போய்த் திரும்பினால் 14. மறுபடி 3.5 போய்த் திரும்பினால் 21. பென்சிலால் ஒரு காகிதத்தில் இரண்டு நிமிடத்தில் போட்ட கணக்கு. ஒரு மாதம் முன்பே போட்டிருக்கலாம்.

தார்ப்பாயும் ஐஸும்

இனி நடந்தது எல்லாம் அந்த 50 நிமிடத்தோடு கோத்துக்கொண்டு வந்தது.

புதுப் பாதையில் 3.5 கிலோமீட்டர் மேசையை ஒவ்வொருவரும் மூன்று முறை தொட வேண்டும். அங்கே வைத்திருந்த தண்ணீர் இரண்டு முறைக்கானது. அக்கரைக்கென்று ஒதுக்கியது அக்கரையில் மாட்டிக்கொண்டது. ஏழரை மணிக்கு மேசை காலி. அங்கிருந்த கல்லூரி மாணவிகள் பக்கத்துத் தோட்டத்தில் மோட்டார் போடச் சொல்லிக் குடத்தில் பிடித்து வந்து கொடுத்தார்கள். யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை.

மழை பெய்த மண்ணில் வெயில் ஏறினால் எப்படி இருக்கும் என்று இங்கே வாழ்பவர்களுக்குத் தெரியும். காற்றே இல்லை. வியர்வை காயாமல் ஒழுகுகிறது. வெப்பமானி காட்டும் எண் பெரிதாக இருக்காது, உடம்புக்கு மட்டும் தெரியும்.

8:20-க்கு, முடிவுக் கோட்டுக்கு 300 மீட்டர் இருக்கும்போது, இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் ஒரு தம்பி தள்ளாடினார். பாதையில் நின்ற மார்ஷல் (வழி காட்டும் தன்னார்வலர்) பிடித்தார். பெயர் கேட்டதற்குப் படித்த பள்ளியின் பெயரைச் சொன்னார். பிடித்தவரை உதறிவிட்டு எதிர்ப்பக்கம் ஓடப் பார்த்தார். அப்படியே மடிந்து உட்கார்ந்துவிட்டார். உடம்பு முழுக்க வியர்வை. வியர்வை நின்றால்தான் வெப்பத்தாக்கு என்று எங்களில் பலர் நினைத்திருந்தோம். ஓடும்போது வரும் வெப்பத்தாக்கில் வியர்வை இருக்கும். பேச்சும் நடையும் குழறுவதுதான் அடையாளம்.

கூடாரத்தில் நெற்றிக்கு நேரே பிடிக்கும் வெப்பமானி 38 டிகிரி செல்சியஸ் காட்டியது. காய்ச்சல் மாத்திரை கொடுக்கலாமா என்று ஒருவர் கேட்டார். அங்கிருந்த டாக்டரம்மா ஈரோட்டில் அவசர சிகிச்சைப் பிரிவில் வேலை செய்பவர். மாத்திரை இதற்கு உதவாது, தோல் சூட்டை நம்பாதீர்கள் என்று சொல்லிவிட்டு, மறைப்பு கட்டச் சொல்லி ஆசனவாய் வழியாக அளந்தார். 41.3.

ஆம்புலன்ஸ் ஓட்டுநர் ஸ்ட்ரெச்சரோடு வந்துவிட்டார். "ஏத்திட்டுப் போயிரலாங்க டாக்டர்." டாக்டரம்மா தலையைக்கூடத் திருப்பவில்லை. "வழியில இருபது நிமிஷம் இதே சூட்டுல வேகணுமா? இங்கயே குளுர வெச்சு, அப்பறம்தான் வண்டி."

இந்த முறை அவர் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபால்மவுத் என்ற ஊரில் கோடையில் 7 மைல் ஓட்டம் நடக்கிறது. அங்கே 18 ஆண்டுகளில் 274 பேருக்கு வெப்பத்தாக்கு வந்தது. விழுந்த இடத்திலேயே ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் இறக்கினார்கள். 274 பேரும் பிழைத்தார்கள். முதலில் குளிர்வி, பிறகு ஏற்று. உடல் 40-க்கு மேல் இருக்கும் நிமிடங்களைக் குறைப்பதுதான் உயிரையும் மூளையையும் சிறுநீரகத்தையும் காப்பாற்றுகிறது. அரை மணி நேரத்துக்குள் இறங்கியாக வேண்டும்.

எங்களிடம் தொட்டி இல்லை. மஞ்சள் காயப்போடும் நீலத் தார்ப்பாய் ஒன்று டெம்போவில் கிடந்தது. நான்கு பேர் நான்கு மூலையைத் தூக்கிப் பிடித்தோம், நடுவில் அவரைக் கிடத்தினோம். ஐஸ் பெட்டியைத் திறந்தால் பாதிக்கு மேல் தண்ணீர். நாலரை மணிக்கு வந்த ஐஸ், ஏழரைக்குள் ஓட்டம் முடியும் என்று கணக்குப் போட்டு வாங்கியது. ஒரு பையன் பைக்கில் போய் ஞாயிற்றுக்கிழமை மீன் கடையில் இரண்டு கூடை ஐஸ் அள்ளி வந்தான். அதில் மீன் வாடை அடித்தது, யாருக்கும் அது பொருட்டாகப் படவில்லை. தண்ணீரையும் ஐஸையும் கொட்டி, தார்ப்பாயை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தொட்டில் மாதிரி ஆட்டினோம். என் கை மரத்துப் போனது. டாக்டரம்மா சில நிமிடங்களுக்கு ஒருமுறை எண்ணைச் சத்தமாகச் சொன்னார். 40.6. 40.1. 39.5. பதினெட்டாவது நிமிடம் 38.9. "போதும், எடுங்க." அதற்கும் கீழே விட்டால் உடல் தானாகவே அதிகம் குளிர்ந்துவிடும்.

தூக்கும்போது கண்ணைத் திறந்து, "முடிச்சிட்டேனா அண்ணா?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது.

இரண்டு நாள் மருத்துவமனையில் இருந்து வீடு திரும்பினார். முந்தைய புதன்கிழமை வரை காய்ச்சல் இருந்ததாக நண்பர்கள் பிறகு சொன்னார்கள். காய்ச்சல் கண்டவர்களுக்கு வெப்பத்தாக்கு எளிதில் வரும். பிப் கொடுத்த சனிக்கிழமை அவரிடம் யாரும் கேட்கவில்லை. 5:30-க்குக் கிளம்பியிருந்தால் வெயில் ஏறுவதற்கு முன்பே, ஏழரை மணிக்கு, அவர் முடிவுக் கோட்டில் இருந்திருப்பார்.

அம்மாவுக்கு முதலில் சொன்னது யார்

இதை எழுதத்தான் எனக்குக் கை வரவில்லை.

அவரைத் தார்ப்பாயில் வைத்திருந்தபோது யாரோ படம் எடுத்திருக்கிறார்கள். 8:50-க்கெல்லாம் "மாரத்தானில் இளைஞர் பலி" என்று ஒரு செய்தி ஊர்க் குழுக்களில் சுற்றியது. அது அவருடைய அம்மாவின் போனுக்குப் போய்விட்டது. பிப்பின் பின்பக்கம் அவசரத் தொடர்பு எண் எழுத இடம் அச்சடித்திருந்தோம். அவருடையதில் அது வெறுமையாக இருந்தது. பதிவுப் பட்டியலைத் தேடி எண்ணை எடுத்து நாங்கள் அழைத்தபோது 9:15. அந்த அம்மா எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "எங்கே வெச்சிருக்கீங்க?" என்பது. மகனைப் பற்றிக் கேட்கவில்லை, உடலைப் பற்றிக் கேட்டார்.

25 நிமிடம் ஒரு தாய் அப்படி இருந்திருக்கிறார். அந்த 25 நிமிடத்துக்கு எங்கள் 22 பக்கத்தில் "ஊடகத் தொடர்பு உறுதி செய்யப்படும்" என்ற வரி இருந்தது.

அக்கரையில் ஐந்து பேர்

9:40-க்கு ஒருவர் கேட்டார்: "அக்கரை வாட்டர் பாயின்ட்ல இருந்தவங்க வந்துட்டாங்களா?" வரவில்லை. 9-லும் 12-லும் மேசை போட்டிருந்த ஐந்து பேர் 3:30-க்கே பாலம் தாண்டிப் போனவர்கள். அங்கே சிக்னல் கிடையாது. ஓட்டப்பாதை மாறியது அவர்களுக்குத் தெரியாது. ஒருவர்கூட வராததைப் பார்த்து, ஓட்டம் ரத்து என்று நினைத்து, பழத்தையும் தண்ணீரையும் காவல் காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நல்ல வேளை, யாரும் பாலத்தில் இறங்கித் திரும்பி வரப் பார்க்கவில்லை. ஓட்டக்காரர்களைத் திருப்புமிடத்தில் எண்ணினோம், கடைசி ஆளுக்குப் பின்னால் வரும் வண்டியில் எண்ணினோம். எங்கள் ஆட்களை எண்ணவில்லை.

மற்ற ஊர்களில் நடந்தது

நியூயார்க்கை சாண்டி புயல் 2012 அக்டோபர் 29 அன்று தாக்கியது. மாரத்தான் நவம்பர் 4. நடக்கும், நடக்கும் என்று சொல்லிவிட்டு, நவம்பர் 2 வெள்ளி மாலைதான் ரத்து என்றார்கள். அதற்குள் வெளியூரிலிருந்து ஓட வந்தவர்கள் ஊருக்குள் வந்து சேர்ந்துவிட்டார்கள், புயலில் வீடு இழந்தவர்களின் கோபமும் சேர்ந்துவிட்டது. ரத்து செய்தது சரியான முடிவு. அது வந்த நேரம்தான் எல்லோரையும் காயப்படுத்தியது. சிகாகோவில் 2007 அக்டோபர் 7 அன்று வெயில் 30 டிகிரியைத் தாண்டியபோது, கிளம்பி மூன்றரை மணி நேரம் ஆன ஓட்டத்தை நடுவிலேயே நிறுத்தினார்கள். இன்று அங்கே பச்சை, மஞ்சள், சிவப்பு, கறுப்பு என்று நான்கு நிறக் கொடிகளில் நிலைமையைச் சொல்கிறார்கள். கொடி மாறினால் என்ன பொருள் என்பது ஓடுபவருக்கு முன்பே தெரியும்.

என்னை அதிகம் உலுக்கியது சீனாவின் கான்சு மாகாணம். 2021 மே 22, 100 கிலோமீட்டர் மலை ஓட்டம், 172 பேர் கிளம்பினார்கள். மதியம் ஆலங்கட்டி, உறைபனி மழை, பேய்க்காற்று. காற்றுத் தாங்கும் மேலங்கி கட்டாயப் பட்டியலில் இல்லை. 21 பேர் குளிரில் விறைத்து இறந்தார்கள். வண்டி ஏற முடியாத அந்த மலையில் ஆறு பேரைக் காப்பாற்றியது ஓர் ஆட்டிடையர், தான் ஒதுங்கும் குகைக்குள் அவர்களை அழைத்துப் போய் நெருப்பு மூட்டி. அவர் அமைப்பாளர்களின் எந்தத் தாளிலும் இருந்திருக்க மாட்டார். எங்கள் மஞ்சள் தோட்டத்துப் பெரியவரும் இல்லை.

ஓட்டம் முடிந்த வாரம் அவரைப் பார்க்கப் போனேன். எனக்கே நேராகப் போன் செய்திருக்கலாமே என்று கேட்டதற்கு, "உங்க நம்பர் என்ற கிட்ட இல்லீங்களே தம்பி. பாதை பாக்க நாலு தடவ வந்தீங்க, ஒருக்கா கூட நிக்கலீங்களே" என்றார். குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. மோர் கொடுத்துவிட்டுத்தான் சொன்னார்.

மறு ஆண்டு மாற்றியவை

முதலில், பாலத்தின் பக்கத்துக் கல்லில் வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு போட்டோம். எந்த உயரத்தில் போடுவது என்று பெரியவர்தான் காட்டினார். தண்ணீர் அந்தக் கோட்டைத் தொட்டால் ஒரு மணி நேரத்தில் பாலம் மூழ்கும் என்பது அவர் கணக்கு. திட்டத்தில் இப்போது உள்ள வரி: "இரவு 2 மணிக்கோ 4 மணிக்கோ தண்ணீர் கோட்டைத் தொட்டிருந்தால் மாற்றுப்பாதை. அறிவிப்பவர் ரேஸ் டைரக்டர். அவர் 10 நிமிடத்தில் கிடைக்காவிட்டால் பாதைப் பொறுப்பாளர். வேறு யாரையும் கேட்க வேண்டியதில்லை." முடிவைத் தூக்கக் கலக்கத்தில் இருக்கும் ஐந்து பேரிடம் விடாமல், விழித்திருந்தபோதே எடுத்துக் கல்லில் எழுதிவிட்டோம். ஸ்பான்சர்களிடமும் பதிவு செய்தவர்களிடமும் இதையும், ரத்தானால் பணம் என்ன ஆகும் என்பதையும், முன்பே எழுத்தில் சொல்லிவிடுகிறோம். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

திட்டம் 22 பக்கத்திலிருந்து 6 பக்கமானது. "படும்" என்று முடிந்த ஒவ்வொரு வரியையும் அடித்துவிட்டு, பெயர் போட்டு எழுதினோம். பெயர் கிடைக்காத வரிகளை எடுத்துவிட்டோம். அப்படி எடுத்த வரிகள் ஏராளம், அவை எப்போதும் நடக்கப் போவதில்லை என்பது அப்போதுதான் புரிந்தது.

டாக்டருக்குத் தனி அதிகாரம். ஓட்டத்தை நிறுத்த அவர் ஒருவர் சொன்னால் போதும். வெயில், ஈரப்பதம், காற்று மூன்றையும் சேர்த்து ஒரே எண்ணாகக் காட்டும் கையடக்கக் கருவி வாங்கினோம், டபிள்யூபிஜிடி என்பார்கள். தூர ஓட்டத்துக்கு அந்த எண் 28-ஐத் தாண்டினால் நடத்துவதை மறுபடி யோசியுங்கள் என்று அமெரிக்காவின் விளையாட்டு மருத்துவ அமைப்பான ஏசிஎஸ்எம் சொல்லி வந்திருக்கிறது. எங்கள் டாக்டரம்மா அதையே, ஓட்டத்தை நிறுத்தும் கறுப்புக் கொடி அளவாக வைத்தார். நம் பக்கத்தில் சித்திரை, வைகாசியில் காலை வேளையிலேயே அது தாண்டிப் போகலாம். அதனால் அந்த மாதங்களில் அரை மாரத்தான் வைக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கருத்து.

ஐஸ் இப்போது இரண்டு நடையாக வருகிறது, நாலரைக்கும் ஆறரைக்கும். முடிவுக் கோட்டருகே தொட்டி, 18-ஆவது கிலோமீட்டரில் தார்ப்பாய். நின்ற இதயத்துக்கு மின்அதிர்ச்சி கொடுக்கும் கருவியையும் கடைசிப் பகுதியில்தான் வைத்திருக்கிறோம். அமெரிக்காவில் 2000 முதல் 2010 வரை மாரத்தானும் அரை மாரத்தானும் ஓடிய 1 கோடியே 9 லட்சம் பேரைக் கணக்கெடுத்ததில், 59 பேருக்கு இதயம் நின்றது, 42 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் ஓட்டத்தின் கடைசிக் கால் பகுதியில். இதயம் நின்ற பின் அதிர்ச்சி கொடுக்கத் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைகிறது. 108 எவ்வளவு விரைந்து வந்தாலும் அந்த முதல் நான்கைந்து நிமிடம் நம் கையில்தான்.

தண்ணீர் விஷயத்தில் எங்கள் குழு மறு ஓரத்துக்குப் போகப் பார்த்தது. மேசைக்கு மேசை எல்லோரையும் நிறுத்திக் குடிக்க வைக்கலாம் என்றார்கள். டாக்டரம்மா தடுத்தார். 2002 பாஸ்டன் மாரத்தானில் ரத்தம் பரிசோதித்த 488 பேரில் 13 சதவீதம் பேருக்கு உப்புச்சத்து அளவுக்கு மீறிக் குறைந்திருந்தது. அதிகமாகக் குடித்து எடை கூடியவர்களே அதில் முன்னால் நின்றார்கள். தாகத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள், தண்ணீர் தீராமல் பாருங்கள், அவ்வளவுதான் என்றார்.

தகவலுக்கு மூன்று குழுக்கள். அவசரக் குழுவில் 9 பேர் மட்டும். அதில் வணக்கம்கூடச் சொல்லக் கூடாது. அக்கரைக்கு வாக்கி டாக்கி. பிப்பின் பின்பக்கம் எண் எழுதாதவருக்குப் பிப் தருவதில்லை, மேசையிலேயே பேனா இருக்கிறது. "இந்த வாரம் காய்ச்சல் இருந்துச்சுங்களா?" என்பதும் அங்கேயே கேட்கும் கேள்வி. யாராவது விழுந்தால் குடும்பத்துக்குப் போன் செய்வது ஒருவரின் ஒரே வேலை. அவர் எங்கள் குழுவில் இருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பொதுமக்களுக்குப் போக வேண்டிய நான்கு வரி அறிவிப்பும் முன்பே எழுதி வைத்திருக்கிறோம். இடம், நேரம், நிலை, அடுத்த தகவல் எப்போது. குடும்பத்துக்குச் சொன்ன பிறகே அது வெளியே போகும்.

பத்து நாள் முன்பு ஒரு கல்யாண மண்டபத்தின் பந்திக் கூடத்தில் ஒத்திகை. டீ, வடை, மேசை மேல் பாதையின் வரைபடம். ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் ஒரு சீட்டு எடுப்போம்: "7:10, ஆறாவது கிலோமீட்டரில் தேன்கூடு கலைந்தது." "8:05, முடிவுக் கோட்டில் ஒருவருக்கு மூச்சில்லை." இரண்டாவது சீட்டுக்கு எல்லோரும் சரியாகப் பதில் சொன்னோம், ஒருவர் கருவியை எடுக்க எழுந்தார். அது பூட்டிய காருக்குள் இருந்தது. சாவி வைத்திருந்தவர் வெளியூர் போயிருந்தார். அந்த மாலை எங்களுக்குக் கிடைத்ததிலேயே பெரிய லாபம் அதுதான்.

இன்னும் தீராதது ஒன்று இருக்கிறது: இரண்டாவது டாக்டர். ஞாயிறு அதிகாலை நாலு மணிக்கு வர, வெப்பத்தாக்கு பார்த்த அனுபவத்தோடு, இன்னொருவர் கிடைக்கவில்லை. இருக்கும் ஒருவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்ற வரிக்கு எதிரே பெயர் காலியாகத்தான் இருக்கிறது. அதை அடித்துவிடாமல் சிவப்பு மையில் விட்டு வைத்திருக்கிறோம்.

இந்த ஆண்டு ஓட்டத்துக்கு முந்தைய இரவும் மலைப்பக்கம் மின்னல் இருந்தது. 2:04-க்குப் போன் அடித்தது. "கோடு தெரியுதுங்க தம்பி. ஒரு சாண் கீழதான் தண்ணி." நோட்டில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, நாலு மணிக்கு மறுபடியும் பார்த்துச் சொல்லுங்கள் என்றேன்.